துக்க வீட்டு மேயர்

முட்டைமேல் மிளகுத்தூள் தூவியபடியே செய்தித்தாளைப் பின்பக்கத்திலிருந்து திருப்புகிறார் மேயர் மலாக்கி ஹெஃபர்னன். முதல் பக்கத்தில் அவர் படமே வந்திருந்தாலும் அது அப்புறம்தான். முதலில் காலமானார் பக்கம். விரலை எழுத்தின் மேல் ஓட்டி ஒவ்வொரு பெயராக உதட்டுக்குள் சொல்லிப் பார்க்கிறார். தெரிந்த பெயர் வந்தால் விரல் நிற்கிறது. பெயர் தெரியாவிட்டாலும் பிள்ளைகள், பேரன் பேத்திகள் என்று பட்டியல் நீண்டால் நிற்கிறது. ஓட்டு நிறைந்த குடும்பம். "எங்க ஐரிஷ் ஆளுங்களுக்கு விளையாட்டுப் பக்கம் இதுதான்யா, பெனிடோ" என்று எதிரே காப்பி குடிக்கும் டிரைவரிடம் சொல்கிறார். தினமும் சொல்வதுதான். பெனிடோவும் தினமும் சிரிக்கிறார். உணவுக்கடையில் மற்றவர்களும் சிரிக்கிறார்கள். பக்கத்தைக் கிழித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நகரத்தை ஆளக் கிளம்புகிறார் மேயர்.

பகலெல்லாம் அலுவலகம். மாலையானால் துக்க வீடு. காரில் எப்போதும் ஒரு கறுப்பு டை தொங்கும், வாய் மணக்கப் புதினா மிட்டாய் இருக்கும். வாசல் வழியாக அவர் நுழைந்து யாரும் பார்த்ததில்லை. பின்கதவு வழியாகச் சமையலறைக்குள் வருவார். அங்கே ரொட்டி வெட்டிக்கொண்டிருக்கும் பெண்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கன்னத்தில் முத்தமிடுவார். கொடுக்கும் தட்டை வாங்கிக்கொள்வார், சாப்பிடமாட்டார். கொடுக்கும் விஸ்கியை வாங்கிக்கொள்வார், குடிக்கமாட்டார். கூடத்துக்குள் வருவதற்குள் இரண்டும் வேறு யார் கையிலாவது போயிருக்கும். சவப்பெட்டியின் முன்னால் முழந்தாளிட்டு, தலையைக் குனிந்து, எழும்போது முட்டி வலிப்பதுபோல் ஒரு சின்ன முனகல். பிறகு துக்கத்துக்குரியவரின் ஒரு கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வாங்கிக்கொண்டு, "உன் கஷ்டத்துக்கு வருத்தப்படுறேன், தங்கம்" என்பார்.

அந்தக் குரலைப் பற்றிச் சொல்லவேண்டும். அவருடைய கொள்ளுத்தாத்தாதான் அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்தவர். மலாக்கி அந்த மண்ணைப் பார்த்தது மேயரான பிறகு, அரசாங்கச் செலவில். வங்கிக்காரர்களோடு பேசும்போது அவர் பேச்சில் ஊர் எதுவும் தெரியாது. கார் ரோப்வாக் மேட்டில் ஏற ஏறத்தான் அவர் நாக்கில் அயர்லாந்தும் ஏறும்.

ரோப்வாக் மேடு எங்கள் பகுதி. அவர் பிறந்ததும் இங்கேதான். அப்பா எரிவாயு ஆலையில் கரி அள்ளியவர். அம்மா புனித பிரெண்டன் கோவிலின் பீடத் துணிகளைத் துவைத்துக் கஞ்சி போட்டவர். மலாக்கி அந்தக் கோவிலில் பூசைக்கு உதவும் சிறுவனாக இருந்தபோது, கல்யாணத்தை விட்டுவிட்டு அடக்கப் பூசைக்கே பேர் கொடுப்பாராம். "கல்யாணத்துல மாப்பிள்ளைய மட்டுந்தான் பாப்பாங்க. சாவு வீட்டுல வந்தவன் எல்லாரையும் ஞாபகம் வச்சிருப்பாங்க" என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார், பெருமையாக. பள்ளி முடிந்ததும் சவப்பெட்டி தூக்கும் வேலை. பிறகு வார்டு உறுப்பினர். பிறகு மேயர். அதற்குப் பிறகு நடந்த தேர்தல்களில் எதிராளிகள் வந்தார்கள், போனார்கள். இவர் நாற்காலியை விட்டு எழவில்லை.

அவருடைய முதல் தேர்தலில் எங்கள் மேட்டின் ஒவ்வொரு மாடிப்படியிலும் ஏறி ஓட்டுக் கேட்டவர் டெலியா மக்நல்டி. தெருவில் எல்லோரையும் அதட்டும் உரிமை உள்ளவர். மலாக்கியின் மூக்கைத் தன் பாவாடை நுனியால் துடைத்துவிட்ட காலம் உண்டு என்று அவர் சொன்னால், மேயரே தலையாட்டுவார். போன குளிர்காலத்தில் டெலியாவின் கணவர் இறந்தார். அப்போதே எங்கள் மேட்டுத் தீயணைப்பு நிலையத்தை மூடப்போவதாகப் பேச்சு இருந்தது. துக்கத்துக்கு வந்த மேயரிடம் டெலியா அதைத்தான் கேட்டார். மலாக்கி ஒரு கையை அவர் தோளிலும் இன்னொரு கையைப் பெட்டியின் மேலும் வைத்தார்.

"நான் உயிரோட இருக்கிறவரைக்கும் அது மூடாது, டெலியா."

பிணத்தின் முன்னால் சொன்ன சொல் எங்கள் ஆட்களுக்குச் சத்தியத்துக்குச் சமம். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். கேட்டு, நிலையத்தை மூடக்கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்த மனுவைக் கிழித்துப் போட்டார்கள். பனி கரைந்ததும் நிலையம் மூடப்பட்டது. நகரத்தில் தீ விபத்துகள் குறைந்துவிட்டனவாம். சிவப்புக் கதவில் விற்பனைப் பலகை தொங்குகிறது. அறிவிப்பு வந்த அன்று மேயர் வேறொரு வார்டில், வேறொரு பெட்டியின் முன்னால் முழந்தாளிட்டிருந்தார்.

இந்தக் குளிர்காலத்தில், சாப்பாட்டு நேரத்தில், டெலியாவின் தம்பி பேக்கியின் வீட்டில் தீப்பிடித்தது. பேக்கி துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர், ஊன்றுகோலில்லாமல் நடக்க முடியாதவர். நிலையம் திறந்திருந்தால் அது அவர் வாசலிலிருந்து கூப்பிடு தூரம். அடிவாரத்து நிலையத்திலிருந்து வண்டி கிளம்பியது. யாரும் தள்ளி அகற்றாத பனியில், பாதி மேட்டில் சக்கரம் சுழன்று நின்றுபோனது. தீயணைப்பாளர்கள் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்கள். தீயணைக்கத் தண்ணீர் எடுக்கும் தெருவோரக் குழாய் பனிக்கும் நிறுத்தியிருந்த கார்களுக்கும் நடுவில் புதைந்து கிடந்தது. கையால் தோண்டினார்கள். அவர்கள்மேல் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. பேக்கியின் பெட்டியை மூடியேதான் வைக்கவேண்டியிருந்தது.

துக்கத்துக்கு மலாக்கி வருவாரா என்று மேட்டில் யாரும் கேட்கவில்லை. காலமானார் பக்கத்தில் பெயர் வந்துவிட்டதே. துக்க வீட்டுக்கு வருகிறவனை வராதே என்று சொல்லும் வழக்கமும் எங்களுக்கு இல்லை.

துக்கத்தன்று மாலை பனி தள்ளும் வண்டி வந்தது. அடிவாரத்திலிருந்து, பேக்கியின் பெட்டியை வைத்திருந்த டெலியாவின் வாசல்வரை தள்ளி, உப்பும் தூவிவிட்டுப் போனது. பேக்கி வெந்த அன்று வராத வண்டி. அதன் பின்னாலேயே மேயரின் கார் ஏறி வந்தது.

எங்கள் தெருவில் பனி பெய்தால் ஒரு சட்டம் உண்டு. காரை நிறுத்தப் பனியை வெட்டி இடம் செய்தவர், அதில் ஒரு சமையலறை நாற்காலியைப் போட்டுவைப்பார். அந்த நாற்காலியை யாரும் தொடமாட்டார்கள். முன்பெல்லாம் மலாக்கி துக்கத்துக்கு வருகிறார் என்றால், தெருக்காரர்களே அவர் காருக்கு இடம் வெட்டி நாற்காலி போட்டுவைப்பதும் உண்டு. அன்று தெரு முழுக்கப் பனிச்சுவர். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் மட்டும் அகலமாக, சுத்தமாக வெட்டிய ஓர் இடம். நடுவில் மஞ்சள் நாற்காலி.

மேயர் காரை நிறுத்தச் சொன்னார். அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தியா பெனிடோ? நம்ம ஜனங்க. எது நடந்தாலும் மறக்கமாட்டாங்கய்யா."

தானே இறங்கி, நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கி நடைபாதையில் வைத்தார். அதன் முதுகைச் செல்லமாகத் தட்டினார். பிறகு பின்கதவுக்குப் போனார்.

சமையலறையில் பெண்கள் கன்னம் கொடுத்தார்கள்; பேச்சுக் கொடுக்கவில்லை. கூடத்தில் முழந்தாளிட்டார், முனகினார், எழுந்தார். டெலியா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் தேநீர்க் கோப்பை, மறு கையில் தட்டு. மேயர் இரண்டு கைகளையும் நீட்டினார். டெலியா கோப்பையைக் கீழே வைக்கவில்லை.

"உன் கஷ்டத்துக்கு வருத்தப்படுறேன், தங்கம்."

"ம்."

"வெளிய எனக்கு நாற்காலி போட்டு இடம் பிடிச்சு வச்சிருந்தீங்களே. இந்த நேரத்துலயும். மனசு நெறஞ்சுபோச்சு டெலியா."

டெலியா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அது உனக்குப் போட்டது இல்ல மலாக்கி."

"பின்ன யாருக்கு?"

"ஃபயர் இன்ஜினுக்கு. அன்னிக்குக் கீழயே நின்னுபோச்சே, அதுக்கு. இனிமே வந்தா குழாய்கிட்ட நிக்க எடம் வேணுமில்ல? விடிஞ்சதுலேருந்து தெருவே நின்னு வெட்டுச்சு. நீ வந்து உன் காரை விட்டுட்ட."

யாரோ இருமினார்கள். ஜன்னலோரம் நின்ற பட்ரோ குவின்லன், பேக்கியோடு துறைமுகத்தில் வேலை பார்த்தவர், "நம்ம மேயருக்கு எந்த நாற்காலியப் பாத்தாலும் தனக்குன்னுதான் தோணும்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

"தெரியாம நடந்துபோச்சு. பெனிடோ, வண்டிய எடு, எடு" என்றார் மேயர். அவர் பின்னால் வந்து நின்ற பெனிடோ ஓடினார்.

"என் புருஷன் பெட்டிமேல கை வச்சுச் சொன்னியே, அதுவும் தெரியாமதானா?" டெலியாவின் குரல் உயரவில்லை. "ஸ்டேஷனத் திறக்கிறியா, இல்லியா? இப்பச் சொல்லு. பேக்கி பெட்டிமேல கை வைக்காமச் சொல்லு."

மேயரின் வலது கை பாதி வழியில் இருந்தது. பெட்டியை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது. எல்லோரும் பார்த்தோம். அது அந்தரத்தில் நின்று, டையைச் சரிசெய்தது.

"இதுவா அதுக்கு நேரம், தங்கம்? நாளைக்கு ஆபீசுக்கு வா. உக்காந்து பேசலாம்."

"உன் ஆபீசுக்கு நான் ஏன் வரணும்? நீதான் எல்லா வீட்டுக்கும் வர்றியே."

மேயர் தலையசைத்தார், ஆறுதல் சொல்லிக் கேட்டுக்கொண்டவர்போல. அப்படியே உடம்பைத் திருப்பி அடுத்தவரிடம் கையை நீட்டினார். அடுத்தவர் பட்ரோ. அவர் இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். அதற்கடுத்து ஊருக்குப் புதிதான இளம் பங்குச்சாமியார். அவர் பாவம், கொடுத்துவிட்டார். மேயர் அந்தக் கையை வெகுநேரம் விடவில்லை.

அவர் வெளியே வந்தபோது புதுப்பனி பெய்து தெருவை மூடியிருந்தது. யாரோ மஞ்சள் நாற்காலியைத் திரும்பவும் அதன் இடத்தில் போட்டிருந்தார்கள். கார் இல்லை. மேயர் கைப்பேசியில் கூப்பிட்டார். பெனிடோவின் குரல் எங்கள் வாசல்வரை கேட்டது.

"மேல நிறுத்த எடமில்ல, அடிவாரத்துக்கு வழுக்கிட்டு வந்துட்டேன் சார். திரும்ப ஏற மாட்டேங்குது. சக்கரம் நின்ன எடத்துலயே சுத்துது."

"சரி, சரி. பனி வண்டிக்காரனுக்குப் போன் போடு. வந்து தள்ளிட்டுப் போகட்டும்."

அடிவாரம் ஒன்றும் தொலைவில்லை. எங்கள் மேட்டுக் கிழவிகள் பூசைக்கு அதே பனியில்தான் இறங்கி ஏறுகிறார்கள். மேயர் தன் பளபளப்பான ஷூவைப் பார்த்தார், சரிவைப் பார்த்தார். தெருவின் ஒவ்வொரு ஜன்னலிலும் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். டெலியாவும் நின்றார், கையில் அதே கோப்பையோடு.

கீழே பனி தள்ளும் வண்டியின் உறுமல் கேட்கத் தொடங்கியது. கூப்பிட்ட உடனே வந்துவிட்டது. மலாக்கி ஹெஃபர்னன் மஞ்சள் நாற்காலியின்மேல் விழுந்திருந்த பனியைக் கையுறையால் தட்டிவிட்டார். மேலங்கியை ஒழுங்காகக் கூட்டிக்கொண்டு, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், தீயணைப்பு வண்டிக்கு வெட்டிய இடத்தின் நடுவில் உட்கார்ந்தார். பிறகு முகத்தை நிமிர்த்தி, ஒரு ஜன்னலையும் விடாமல், கையை அசைத்தார்.