கிணற்று நோட்டும் என் இரண்டு பத்திகளும்

ஆராய்ச்சிக்கு இடம் கேட்டு இளவயதில் பதினொரு பேராசிரியர்களுக்குக் கடிதம் எழுதினேன். பதினொன்றிலும் ஒரே பேராசிரியரின் பெயரை எழுதி அனுப்பிவிட்டேன். பத்துப் பேர் பதில் போடவில்லை. அந்தப் பெயருக்கு உரியவர் மட்டும், இடமில்லை என்று எழுதினார். இந்தத் தகுதியோடுதான் அறிவியல் மாணவர்களுக்கு வழிகாட்டக் காரைக்கால் கல்லூரி ஒன்றுக்குப் போனேன்.

காலை 7.40. மயிலாடுதுறையில் பேருந்து, டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய், தூரம் ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். நடத்துநர் என் பெரிய பையைப் பார்த்தார்.

"அண்ணே, திரும்புறப்ப இது நெறஞ்சிருக்குமா? செக்போஸ்ட்ல எங்களையும் சேத்து எறக்கிடுவாங்க."

காரைக்காலில் சரக்கு மலிவு. என் வயதுக்காரன் பையோடு போனால் வேறென்ன நினைப்பார்? உள்ளே இருந்தவை வழிகாட்டிக் குறிப்புகள், நாற்பது பிரதி.

"காலேஜ் பசங்களுக்குப் புத்தி சொல்லப் போறேன்" என்றேன்.

"எல்லாரும் ஏதாவது சொல்லத்தான் செய்யிறாங்க" என்று விசிலை ஊதினார்.

பகல் 1.15. பேசி முடித்திருந்தேன், ஒரு கேள்வியும் வரவில்லை. சாப்பிடும் இடத்தில், கோட்டுச்சேரி விவசாயி மகள் தேன்மொழி போனை நீட்டினாள். வேதியியல் முதுகலை, கடைசி ஆண்டு. சென்னையில் மண் ஆய்வுக்கூடம் ஒன்றில் ஒரே ஓர் இடம். நான்கு மணிக்குள் அங்குள்ள பேராசிரியருக்கு மின்னஞ்சல் போக வேண்டும். தவறினால் பி.எட். என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

போனில் அவள் எழுதி வைத்திருந்த கடிதத்தில் வணக்கமும் பணிவும் தவிர ஒன்றுமில்லை.

"ஆய்வு ஏதாவது செஞ்சிருக்கியாம்மா?"

"இல்ல சார்."

பக்கத்திலிருந்த தோழி நஸ்ரின் சாப்பிடுவதை நிறுத்தினாள். "பொய் சொல்றா சார். ரெண்டு வருஷமா ஞாயித்துக்கெழம ஆனா வயக்கெணத்துல உப்பு அளக்குறா. சினிமாவுக்குக் கூப்பிட்டாக்கூட வரமாட்டா."

"அது சும்மா, அப்பாவுக்காகடி. பயிரு ஏன் கருகுதுன்னு பாக்க. லேப்ல செஞ்சாத்தான ஆராய்ச்சி?"

"ஆமா, பொழுதுபோகாம வாளியத் தூக்கிட்டுத் திரிஞ்சியாக்கும்."

போனில் நோட்டுப் படங்களைக் காட்டினாள். தேதி, மழை, நீர்மட்டம், உப்பு. ஒரு வாரம்கூட விட்டுப்போகவில்லை. தட்டை ஒதுக்கிவிட்டு, கடிதத்தில் இதையே எழுதச் சொன்னேன்.

கிணற்றைப் பற்றி அவளே நான்கு வரி எழுதினாள். அதோடு விட்டிருக்கலாம். நானோ மேலே ஒரு பத்தியும் கீழே ஒரு பத்தியும் சேர்த்தேன்: கடலின் ஏக்கம், மண்ணின் மௌனம். பேராசிரியர் பெயரை மட்டும் மூன்று முறை சரிபார்த்தேன். 3.50க்கு அனுப்பினாள்.

திரும்பும்போதும் அதே நடத்துநர். பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஏமாற்றத்தோடு கீழே வைத்தார்.

பத்து நாள் கழித்துத் தேன்மொழி போன் செய்தாள்.

"கெடச்சிருச்சு சார். புரொபசர் கெணத்தப் பத்தியே அரை மணி நேரம் கேட்டாரு."

"மத்த ரெண்டு பத்தி?" என்றேன், அடக்கமாக.

"அதையும் கேட்டாரு சார், யாரு எழுதுனதுன்னு. சொன்னேன். இனிமே அவருகிட்ட எதையும் காட்டாதம்மான்னாரு."