இருட்டில் விழுந்த அடி

என் மனைவியிடம் பள்ளிக்கூட நாளிலிருந்தே இரண்டு படக்கதைப் புத்தகங்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் முப்பத்திரண்டு தாள். கம்பி துருப்பிடித்துத் தாள்களெல்லாம் உதிர்ந்துவிட்டன. ஹனூரிலிருந்து அவள் தங்கை வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் பைண்டு செய்து மனைவியை அசத்திவிடலாம் என்று, சொல்லாமல் எடுத்துக்கொண்டு பைண்டிங் கடை இருக்கும் மண்டி மொஹல்லாவுக்கு ஆட்டோ ஏறினேன். வழியில் ஒன்பது வேகத்தடைகள். ஒவ்வொன்றிலும் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

கடையில் பையைத் திறந்ததுதான் தாமதம், மின்விசிறி தாள்களை நாலா பக்கமும் வாரி இறைத்தது. வெளியே நின்ற ஸ்கூட்டருக்கு அடியில் மட்டும் இரண்டு. பொறுக்கி எண்ணினேன்: அறுபத்து நான்கு. பக்க எண் பார்த்து, ஒன்று இங்கே ஒன்று அங்கே என்று இரண்டு கட்டாக அடுக்கினேன். மூன்று முறை சரிபார்த்தேன். ஓர் எண்ணும் விடுபடவில்லை.

"நம்பர் எல்லாம் சரியா இருக்கா சார்? பைண்ட் மாட்லா, போட்டுடட்டுமா?" என்றார் கடைக்காரர்.

"தைரியமாப் போடுங்க."

ஞாயிறன்று மனைவி ஆசையாகத் திறந்தாள். மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

"ஏனுங்க, இந்தக் கதைக்குள்ள இவன் எப்படி வந்தான்?"

ஒரு கதையின் வீரன் நிழலாக மாறுவான். அவன் எதிரி, ஊர் விளக்குகளை அணைப்பவன். மற்றதில் பஸ்ஸையே தூக்கும் வீராங்கனை; அவள் எதிரி, கண்ணைப் பார்த்தே ஆளை மயக்குபவன். நான் எண்ணைப் பார்த்தேனே தவிரப் படத்தைப் பார்க்கவில்லை. வில்லன்கள் இருவரும் இடம் மாறி, அடுத்த கதையின் ஆளோடு மோதிக்கொண்டிருந்தார்கள்.

அவள் அப்பா வாங்கித் தந்த புத்தகங்கள். வேறு பிரதி கிடையாது. நடந்ததைச் சொன்னேன்.

"மாமா, கணக்குல நூத்துக்கு நூறு, கதையில முட்டை!" என்றாள் ஊரிலிருந்து வந்திருந்த கொழுந்தியாள்.

மனைவி பக்கத்தைப் புரட்டினாள். இன்னொரு பக்கத்தைப் புரட்டினாள். திடீரென்று சிரித்தாள்.

"இங்க பாருடி! நிழலுக்கு ஏது கண்ணு? இவன் முழிச்சு முழிச்சுப் பாக்கறான், ஒண்ணும் ஆகல!"

தங்கை மற்றதைப் பிடுங்கினாள். "இதுல வெளக்க அணைச்சுட்டான்க்கா. அவளுக்கென்ன, இருட்டுலயே பளார்னு ஒண்ணு விட்டா!"

பதினேழு முறை சிரித்தார்கள். அதற்குமேல் எனக்கு எண்ணிக்கை தவறிவிட்டது.

"நாளைக்கே பிரிச்சு ஒழுங்கா..." என்று இழுத்தேன்.

"கைய வெச்சுப் பாருங்க! அம்பது வருசமா அந்த வெளக்கணைக்கிறவன் மேல எனக்கு ஆத்திரம். வெளிச்சமில்லாம நெழல் எப்படீங்க சண்டை போடும்? இன்னைக்குத்தான் சரியான ஆளுகிட்ட மாட்டுனான்."

ஒன்றையாவது ஊருக்கு எடுத்துப் போகிறேன் என்று தங்கை கெஞ்சினாள். மனைவி மசியவில்லை. இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, அடி விழும் பக்கத்தை என் பக்கம் திருப்பினாள். வில்லனின் பற்கள் பறந்துகொண்டிருந்தன. எண்ணினேன்: நான்கு.