பாண்ட் மாஸ்டர் பிணமான கதை

பத்தொன்பது வருடமாக நான் சுன்னாகத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் பாண்ட் மாஸ்டர். ஜெபசீலன் மாஸ்டரின் பாண்ட் வாத்தியக் குழு என்றால் எல்லோருக்கும் தெரியும்: நேரே வரும், வலப்பக்கம் திரும்பும், சலூட் அடிக்கும், போய்விடும். போட்டிகளில் ஒருமுறைகூட இடம் கிடைத்ததில்லை. நடுவர்களுக்கு இசை தெரியாது என்று வீட்டில் விளக்கம் சொல்வேன். மனைவி வினிபிரட் ரேடியோச் சத்தத்தைக் கூட்டிவிடுவாள்.

இந்த வருடம் அதிபர் அருந்ததி கூப்பிட்டு, முதல் மூன்று இடத்துக்குள் வராவிட்டால் பாண்டை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு என்னை நூலகத்துக்குப் போடப்போவதாகச் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். பாண்டைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது. பாண்டும் அவ்வளவாகத் தெரியாது என்பது பிறகு வெளிவந்த சங்கதி.

பழைய கறுப்பு வெள்ளைத் துப்பறியும் படங்கள் என்றால் எனக்குப் பைத்தியம். தொப்பி, நீளக் கோட்டு, மழை, நிழல், தொடக்கத்திலேயே ஒரு கொலை. அதை மைதானத்தில் செய்துகாட்டுவது என்று முடிவெடுத்தேன். கனடாவிலிருந்து வந்துபோன சொந்தக்காரர் விட்டுப்போன குளிர்க் கோட்டுகளை ஊரெல்லாம் சேர்த்துப் பிள்ளைகளுக்குப் போட்டேன். போட்டி பங்குனி வெயிலில், பின்னேரம் மூன்று மணிக்கு என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

பிணமாக யார் கிடப்பது? எல்லோர் கையிலும் வாத்தியம். மிஞ்சியது நான். முன்னால் நின்று நடத்தும் பொறுப்பைப் பத்தாம் வகுப்பு ரேச்சலிடம் கொடுத்தேன். நான் இல்லாமல் தாளம் குழம்பிவிடும் என்று பயம். கொஞ்சம் குழம்பினால்தான் என் அருமை தெரியும் என்று உள்ளுக்குள் ஒரு ஆசையும் இருந்தது.

போட்டியன்று மைதான நடுவில் போய் விழுந்தேன். படங்களில் பொலிஸ் பிணத்தைச் சுற்றிப் போடுவதுபோல என்னைச் சுற்றிச் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டார்கள். ட்ரம் தொடங்கியது. இரண்டு நிமிடம்கூடப் போயிருக்காது, முதலுதவிப் பிள்ளைகள் நால்வர் ஓடிவந்து என்னை ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். வெயிலில் மயங்கிவிட்டேன் என்று நினைத்துவிட்டார்கள் போலும். எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். பிணம் வாய் திறந்தால் காட்சி கெட்டுவிடுமே. கண்ணை மூடியபடி கூடாரம் வரை பிணமாகவே போனேன். அங்கே வாயில் இளநீர் ஊற்றினார்கள்.

படுத்தபடி காதுகொடுத்தேன், கூடார வாசலால் எட்டியும் பார்த்தேன். தாளம் குழம்பவில்லை. பிணம் இல்லாத சுண்ணாம்புக் கோட்டைச் சுற்றி என் பிள்ளைகள் தேடித் தேடி வாசிக்க, சனம் எழும்பி நின்று கைதட்டியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பிணம் காணாமல் போனது அபாரமான கற்பனை என்று நடுவர்கள் எழுதியிருந்தார்கள். இரண்டாம் இடம். பாண்ட் இனியும் உங்களுடையதுதான் என்று அதிபர் கைகொடுத்தார். அபாரமான கற்பனை என்னுடையதுதான் என்பதுபோல நானும் தலையாட்டினேன்.

வாத்தியங்களை அடுக்கும்போது ரேச்சல் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கோவிக்காதேங்கோ சேர். முதலுதவிப் பிள்ளையளை நான்தான் கை காட்டிக் கூப்பிட்டனான். செத்துக் கிடக்கேக்கையும் உங்கடை கால் தாளம் போட்டுக்கொண்டு இருந்தது. ட்ரம் அடிக்கிற பிரவீணன் அதைப் பாத்துப் பிழைவிடத் தொடங்கிட்டான்."

நான் தாளம் போட்டால் எப்பவும் அப்பிடியோ என்று கேட்டேன்.

"ஓம் சேர்."

கோபம் வந்தது. வெட்கம் அதைவிடக் கூட வந்தது. மறுநாளே அதிபரிடம் போய் உண்மையைச் சொன்னேன். இப்போது பயிற்சியை ரேச்சல்தான் நடத்துகிறாள். நான் கதிரையில் உட்கார்ந்து, கைகள் இரண்டையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொள்கிறேன். காலை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.