கத்தரி அக்காவும் ஐந்து கிலோமீட்டரும்

முகத்தை மறந்துவிடுவாள், பிடரியை மறக்க மாட்டாள். கத்தரி அக்காவுக்கு அப்படியொரு கண். தெருவில் எதிரே வந்து "நல்லாருக்கீங்களா அக்கா" என்று கேட்பவர்களைப் பார்த்துத் திருதிருவென்று விழிப்பாள். அவர்கள் கடந்து போனதும் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு, "அடடே, மருந்துக்கடைக்காரர் சம்சாரம்! காதுக்குப் பின்னால தழும்பு!" என்று கூவிக்கொண்டே ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்வாள். பதினெட்டு வருஷம் தலைகளுக்குப் பின்னால் நின்று பிழைத்தவள் வேறு எப்படி இருப்பாள்?

அதில் கடைசிப் பதினொரு வருஷம் கடைவீதியில் இருக்கும் பெரிய பார்லரில். ஒரு நாள் முதலாளியம்மா சுவரில் புதுக் கடிகாரம் ஒன்றை மாட்டி, "இனிமே ஒரு தலைக்குப் பன்னெண்டு நிமிஷம்தான்" என்றாள். அக்காவுக்கு ஒரு தலைக்கு அரைமணி நேரம் வேண்டும். முதல் பத்து நிமிஷம் மண்டையைத் தொட்டுப் பார்க்கவே போய்விடும். "இது என்ன டிக்கெட் கிழிக்கிற வேலையா?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்துவிட்டாள். வீட்டு முன்னறையில் ஒரு சுழல் நாற்காலி போட்டு, எதிரே ஆளுயரக் கண்ணாடி மாட்டினாள். ஒன்பதாவது நாள் வக்கீல் நோட்டீஸ் வந்தது.

பார்லரை விட்டுப் போனால் இரண்டு வருஷத்துக்கு, ஐந்து கிலோமீட்டர் சுற்றளவில், 'நிலையம் கற்றுத்தந்த வித்தையை' எந்தத் தலையிலும் காட்டக்கூடாதாம். அக்காவே கையெழுத்துப் போட்ட ஒப்பந்தமாம்.

அக்காவின் புருஷன் டவுன் பஸ் டிரைவர். நோட்டீஸை இரண்டு தடவை படித்தார். "அஞ்சு கிலோமீட்டரா? நம்ம ஊரே டிப்போலேர்ந்து தண்ணித்தொட்டி வரைக்கும் நாலரைதான், அதுக்கப்புறம் ஆறு. நீ ஆத்துக்குள்ள நின்னுதான் வெட்டணும்" என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "இதுல எப்ப கையெழுத்துப் போட்ட?" என்று மெதுவாகக் கேட்டார்.

"யாருக்குத் தெரியும்? ஒரு தலைக்கும் இன்னொரு தலைக்கும் நடுவுல எதையோ நீட்டினாங்க. போட்டுக் குடுத்தேன்."

சந்தேகத்துக்கே இடமில்லை. நோட்டீஸோடு வந்த ஒப்பந்த நகலில் கையெழுத்துக்குப் பக்கத்தில் முடிச்சாயம் பட்ட கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது. திருடன்கூட இவ்வளவு தெளிவாகத் தடயம் விட மாட்டான். அக்கா அன்று சாப்பிடவில்லை. அவளுக்குச் சமையல் சுமார், தையல் அதைவிடச் சுமார். உலகத்தில் உருப்படியாக வரும் ஒரே வேலை இதுதான். அதையும் பிடுங்கிக்கொண்டால் இந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற பயம் வந்துவிட்டது.

வக்கீல் தேட ஆரம்பித்தார்கள். கொழுந்தன் கூட்டிப்போனது ஒரு பெரிய வக்கீலிடம். வாசலில் மூன்று போர்டு, உள்ளே நாலு குமாஸ்தா. அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். வெளியே வந்ததும், "வேணாம். ஒட்டு முடி. காதோரம் பசை தெரியுது. தலையிலேயே பொய்ய வச்சிருக்கிறவர் கோர்ட்டுல என்னத்த உண்மை பேசப்போறார்?" என்றாள்.

"அடியே, அவர் முப்பது வருஷமா நில வழக்கு நடத்துறவர்!" என்றார் புருஷன்.

"நான் என்ன நிலமா?"

வாஸ்தவம்தான். காரணம் கோணல் என்றாலும் முடிவு நேர். இரண்டாவது வக்கீல் இளைஞர். முடி ஒவ்வொன்றும் சொன்னபடி கேட்டு நின்றது. ஒப்பந்தத்தைத் திறக்காமலே "நூத்துக்கு நூறு ஜெயிக்கிறோம், கவலைய விடுங்க" என்றார். பேச்சுக்கு நடுவே மூன்று முறை போனைத் தூக்கித் தன்னையே பார்த்துக்கொண்டார். "இந்தத் தலைக்குக் காலையில ஒரு மணி நேரம் ஆகும். அப்புறம் நம்ம காகிதத்த எப்பப் படிக்கிறது?" என்று அக்கா அவரையும் தள்ளுபடி செய்தாள்.

மூன்றாவது வக்கீலம்மா, ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில், ஒற்றை அறையில் இருந்தாள். வேலைத் தகராறு, ஒப்பந்தத் தகராறு தவிர வேறு எதையும் தொட மாட்டாள் என்று டிப்போவில் ஒரு கண்டக்டர் சொல்லியிருந்தார். கதவைத் திறந்த அக்கா அப்படியே நின்றுவிட்டாள். வக்கீலம்மாவின் முன்முடி இடது புருவத்தை மூடியிருந்தது. வலது பக்கம் நெற்றி முழுக்க வெட்டவெளி. படிக்கும்போது கண்ணில் விழுந்தால், காகிதம் வெட்டும் கத்தரியை எடுத்துத் தானே நறுக்கிக்கொள்வாளாம். அக்கா திரும்பி ஓடப் பார்த்தாள். புருஷன் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

வக்கீலம்மா வணக்கம் சொன்னதோடு சரி. ஒப்பந்தத்தின் பதினொரு பக்கத்தையும் மரஸ்கேல் வைத்து வரிவரியாகப் படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். முக்கால் மணி நேரம். பிறகு நிமிர்ந்து, "ஜெயிப்போம்னு சொல்ல மாட்டேன். பாதி உங்க பக்கம், பாதி அவங்க பக்கம். என்ன நடந்துச்சு, சொல்லுங்க" என்றாள்.

அக்கா மடை திறந்தாள். முதலாளியம்மாவின் மாமியார், கடிகாரம் வந்த கதை, சாயம் தீர்ந்த கதை, ஒருத்தி பாதித் தலையோடு பிரசவத்துக்கு ஓடிய கதை...

"அம்மா, கதை வேணாம். தேதியச் சொல்லுங்க."

தேதி எங்கே இருக்கிறது அவளிடம்? தலைகள்தான் இருக்கின்றன. "டீச்சர் பொண்ணு கல்யாணத் தலைக்கு ரெண்டு நாள் முன்னாடி சேர்ந்தேன்" என்பாள். வக்கீலம்மா டீச்சருக்குப் போன் போட்டுக் கல்யாணத் தேதியை வாங்கிக் கட்டம் போட்ட தாளில் எழுதுவாள். இப்படியே நாலு வாரத்தில் பதினொரு வருஷமும் தேதிவாரியாக எழுந்து நின்றது. ஒரே ஒரு கட்டம் மட்டும் காலி.

"வித்தைய உங்களுக்குக் கத்துத்தந்தது யாரு?"

"எங்க அத்தை. ஏழு வருஷம் அவங்ககூட வீடுவீடாப் போய் வெட்டினேன். அதுக்கப்புறம்தான் பார்லர்."

"சாட்சி?"

அத்தை போய்ச் சேர்ந்து வெகுகாலம். சான்றிதழ் கிடையாது. பார்லர் தரப்போ, முடி கூட்ட வந்தவளைத் தூக்கிவிட்டு, கத்தரி பிடிக்கக் கற்றுத்தந்ததே நாங்கள்தான் என்று எழுதியிருந்தது. அக்காவுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. முதலாளியம்மாவுக்குக் கத்தரி பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததே அவள்தானே!

"நம்புறேன். ஆனா நான் நம்பிப் பிரயோஜனமில்ல, சமரசம் பேசுற அதிகாரி நம்பணும். அதுவரைக்கும் ஒரு தலையையும் தொடக்கூடாது" என்றாள் வக்கீலம்மா.

"இவர் தலைய?"

"தொடக்கூடாது. அவர் தலை அஞ்சு கிலோமீட்டருக்குள்ளதான இருக்கு?"

அக்காவின் பார்வை நைசாகக் கோணல் முன்முடிக்குப் போனது.

"என் தலையையும்தான்."

அன்றிலிருந்து பிடித்தது சனி. சுழல் நாற்காலியைத் துணி போட்டு மூடினாள். கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. துடைப்பத்தின் நுனியைச் சமமாக நறுக்கினாள். கால்மிதியின் நூல்களை நறுக்கினாள். பக்கத்து வீட்டு நாய் அவளைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்தது. வக்கீலம்மாவைப் பார்க்கப் போகும்போதெல்லாம் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, மேலே உட்கார்ந்துகொள்வாள்.

புருஷன் பாடுதான் பரிதாபம். மூன்றாவது மாதம் முடி காதைத் தாண்டியது. பஸ்ஸில் ஏறிய பள்ளிப் பிள்ளைகள் "சாமியார் ரைட்!" என்று விசிலடித்தார்கள். டிப்போ மேனேஜர், "முடிய வெட்டு, இல்ல ஸ்டியரிங்க விடு" என்றார். மனிதர் வேறு வழியில்லாமல் டிப்போவுக்கு எதிர்க்கடையில் போய் உட்கார்ந்துவிட்டு, வீட்டுக்குத் தொப்பியோடு வந்தார். சாப்பிடும்போதும் தொப்பி.

அக்கா தொப்பியைக் கழற்றினாள். பிடரியில் ஒரு விரலை ஓட்டினாள். அவ்வளவுதான்.

"யாரு?"

"எதிர்க்கடையில... டூட்டிக்கு நேரமாச்சு..."

"பதினாறு வருஷம்! இந்தத் தலைய இன்னொருத்தன்கிட்டக் குடுக்க எப்படிங்க மனசு வந்துச்சு? மெஷின் போட்டிருக்கான் பாருங்க, புல்லு வெட்டற மாதிரி!"

மூன்று நாள் பேச்சு இல்லை. நாலாவது நாள் அவர், "இனிமே வேலையே போனாலும் சரி, உன் கைதான்" என்று வாக்குக் கொடுத்தார். முடியும் மறுபடி வளர ஆரம்பித்தது.

சமரசப் பேச்சுக்கு நாள் குறித்தார்கள். சமரச மையத்தின் படியேறும்போது வக்கீலம்மா கண்டிப்பாகச் சொன்னாள். "நுணலும் தன் வாயால் கெடும்பாங்க. நீங்க வாயத் திறக்கக்கூடாது. நான் பேனாவால மேசையத் தட்டினா, பாதி வார்த்தையில இருந்தாலும் முழுங்கிருங்க."

அது ஒரு சின்ன அறை. நீளமேசை, சத்தம் போடும் மின்விசிறி, மேசைத் தலைப்பில் தொண்டை கட்டிய அதிகாரி. முதலாளியம்மா தலையில் சால்வையைச் சுற்றிக்கொண்டு அவளுடைய வக்கீலோடு வந்து உட்கார்ந்தாள். அந்த வக்கீல், "கூட்டிப் பெருக்க வந்தவங்களுக்கு எங்க கட்சிக்காரர் போட்ட பிச்சை சார் இந்த வித்தை" என்று ஆரம்பித்தார். அக்காவின் தொண்டைவரை வார்த்தை வந்தது. பேனா தட்டியது. விழுங்கினாள். இன்னொன்று வந்தது. தட்டியது. அரைமணி நேரத்தில் அந்தப் பேனாவுக்கே வாய் வலித்திருக்கும்.

அதிகாரி சோர்ந்துபோய், "ரெண்டு வருஷம் பொறுத்துக்கிட்டா என்னம்மா? வேற ஏதாவது வேலை பாக்கலாமே?" என்றார். வேறு ஏதாவது வேலை! அக்காவுக்குக் கண் நிறைந்தது. கல்லைப் போல உட்கார்ந்திருந்தாள்.

அந்த நேரம் மின்விசிறிக் காற்றில் சால்வை நழுவியது. அதை எடுக்க முதலாளியம்மா குனிந்தாள்.

அக்கா பார்த்துவிட்டாள். முதலாளியம்மாவுக்குப் பின்மண்டையில் இரட்டைச் சுழி. ஒன்று வலமாகச் சுற்றும், ஒன்று இடமாகச் சுற்றும். அதற்கு நடுவே எவளோ ஆழமாகக் கத்தரியைப் போட்டிருந்தாள். முடி நாலு திசையிலும் எழுந்து நின்றது.

"ஐயய்யோ! யாரு இத வெட்டினது?"

பேனா தட்டியது. அக்கா எங்கே கேட்டாள்? எழுந்தே விட்டாள். "சுழியில ஈரமா இருக்கும்போது வெட்டக்கூடாதுன்னு எத்தன தடவை சொல்லியிருக்கேன்! யாரு வெட்டினது?"

நாலு மாதம் அடக்கி வைத்தது முதலாளியம்மாவுக்கும் இருந்திருக்க வேண்டும். "எல்லாம் உன்னாலதான்டி! பார்லர்ல எட்டுப் பொண்ணுங்க இருக்காளுங்க, ஒருத்திக்கும் இந்தச் சுழி பிடிபடல. நானும் தலைகீழா நின்னு சொல்லிக்குடுத்துப் பாத்துட்டேன்..."

அவளுடைய வக்கீல் இருமினார். மேசைக்கு அடியில் காலைத் தட்டினார். அவரிடம் பேனா இல்லை, பாவம்.

வக்கீலம்மா மிக மென்மையாக, "உங்களுக்கு அத யாரும்மா சொல்லிக்குடுத்தாங்க?" என்று கேட்டாள்.

"வேற யாரு, இவதான்! வந்த முதல் நாளே என் தலையத் தொட்டுப் பாத்துட்டு, 'மேடம், ரெட்டைச் சுழி, எங்க அத்தை வழியில வெட்டுறேன்'னா. கத்தரியை எப்படிப் பிடிக்கிறதுன்னுகூட இவதான் எனக்கு..."

அதற்குப் பிறகுதான் தன் காதிலேயே தன் பேச்சு விழுந்தது அவளுக்கு. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நிலையம் கத்துத்தந்த வித்தைன்னு எழுதியிருக்கீங்க. இங்க நிலையத்துக்கே இந்தம்மாதான கத்துத்தந்திருக்காங்க?" என்றார். எதிர்த்தரப்பு வக்கீல் வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். ஒரு மணி நேரத்தில் சமரசத் தாள் தயாரானது. நாற்காலி இருக்கலாம், கண்ணாடி இருக்கலாம், ஐந்து கிலோமீட்டர் ரத்து.

முதலாளியம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள். "மாசத்துக்கு ஒருதரம் எனக்கு வெட்டிவிடணும். அதையும் அதுல எழுதுங்க."

எழுதினார்கள். தாள் அக்காவிடம் வந்தது. அவள் வக்கீலம்மாவிடம் மரஸ்கேலைக் கேட்டு வாங்கினாள். வரிக்கு வரி ஸ்கேலை நகர்த்தி, எழுத்துக் கூட்டி, இரண்டு தடவை படித்தாள். அதிகாரியின் டீ ஆறிப்போனது. கடைசி வரிக்கு வந்ததும் விரலை அதன்மேல் வைத்தாள்.

"இத அடிச்சிருங்க சார்."

"ஏம்மா, வெட்ட மாட்டீங்களா?"

"வந்தா வெட்டுவேன். அரைமணி நேரம் எடுத்து, நல்லாவே வெட்டுவேன். ஆனா எழுதிக்குடுத்து வெட்ட மாட்டேன்."

வரியை அடித்தார்கள். அக்கா துடைத்துச் சுத்தம் செய்த கையால் கையெழுத்துப் போட்டாள்.

வாசலில் புருஷன் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு தயாராக நின்றிருந்தார். அக்கா அவரைத் தாண்டிப் போய் வக்கீலம்மாவின் கையைப் பிடித்தாள். "நீங்க வீட்டுக்கு வாங்க."

"எனக்கு மூணு மணிக்கு இன்னொரு கேஸ்..."

"வாங்கன்னா வாங்க."

முன்னறையில் நாற்காலியின் துணியை உருவி எறிந்தாள். வக்கீலம்மா கூச்சத்தோடு உட்கார்ந்தாள். புருஷன் துண்டைக் கழற்றாமல் ஓரமாக உட்கார்ந்து தன் முறைக்காகக் காத்திருந்தார். அக்கா பத்து விரலையும் அந்தத் தலையில் வைத்துக் கண்ணை மூடினாள். நாலு மாதத்துக்குப் பிறகு ஒரு தலை. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது, துடைக்கக் கையில்லை.

வக்கீலம்மா கண்ணாடியில் அதைப் பார்த்தாள். என்ன சொல்வதென்று தெரியாமல், "கடைசியா நான் பார்லர்ல முடி வெட்டினது... ரெண்டாயிரத்துப் பதிமூணு, மார்ச்..." என்று ஆரம்பித்தாள்.

"தேதியெல்லாம் வேணாம் மேடம்" என்றாள் அக்கா, கத்தரியை எடுத்துக்கொண்டே. "கதையச் சொல்லுங்க."