பசராக்காரர் வீடு

விஜயஸ்ரீக்கு ஓரிடத்தில் நின்று பாடம் நடத்த வராது. கரும்பலகைக்கும் சன்னலுக்கும் நடுவே நடந்துகொண்டே இருப்பாள். வரலாற்றில் எம்.ஏ. முடித்து மூன்று வருஷம் வீட்டில் இருந்துவிட்டு, 1993-இல் பாளையங்கோட்டையில் பி.எட். சேர்ந்தபோது அவளுக்கு இருபத்தாறு வயது. அம்பாசமுத்திரத்திலிருந்து தினமும் ஆறே முக்கால் பஸ். கற்பித்தல் பயிற்சிக்கு ஒரு பெண்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பைக் கொடுத்திருந்தார்கள்.

முதல் வாரத்திலேயே முதல் உலகப் போர் வந்தது. வகுப்பின் சொந்த ஆசிரியையான ராஜலக்ஷ்மி டீச்சர், கடைசி பெஞ்சில் நோட்டோடு உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருந்தார். விஜயஸ்ரீ ஐரோப்பா படத்தை மாட்டி, குச்சியால் ஊர் ஊராகக் காட்டி, போருக்கான காரணங்களைப் பாடக்குறிப்பில் எழுதியபடியே சொல்லி முடித்தாள். அப்போது மைதீன் பாத்திமா என்ற மாணவி எழுந்தாள்.

"டீச்சர், உலகப் போருன்னு சொல்லுதீங்களே, அதுல நம்ம பக்கத்து ஆளுங்க யாரும் போனாங்களா?"

"அது ஐரோப்பாவில நடந்தது. உக்காரு."

பாத்திமா உட்கார்ந்துவிட்டாள். விஜயஸ்ரீக்குத்தான் உட்கார முடியவில்லை. இந்தியாவிலிருந்து லட்சக்கணக்கில் ஆட்கள் போனது அவளுக்குத் தெரியும்; பரீட்சையில் எழுதியிருக்கிறாள். ஆனால் இந்த ஆற்றங்கரையிலிருந்து யார் போனார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. மணி அடித்ததும் ராஜலக்ஷ்மி டீச்சரின் நோட்டைப் பார்த்தாள். 'ஆர்வம் உண்டு. நிதானம் இல்லை' என்று எழுதியிருந்தது.

மறுநாளிலிருந்து தேட ஆரம்பித்தாள். கல்லூரி நூலகத்தில் பிஸ்மார்க் இருந்தார், திருநெல்வேலிக்காரர் யாரும் இல்லை. முன்னாள் படைவீரர்களுக்கான அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்த குமாஸ்தா அவளை மேலும் கீழும் பார்த்தார். "ரெண்டாம் சண்டைக்காரங்க பென்சன் ஃபைலு இருக்கும்மா. மொத சண்டைக்கு இங்கன ஒண்ணும் கெடையாது. அவிய எல்லாம் போய்ச் சேந்து எம்புட்டு நாளாச்சு."

அவளோடு படித்த ஜேசுதாசன்தான் ஒருநாள் டீ குடிக்கும்போது, தங்கள் ஊர்த் தபாலாபீஸ் சுவரில் இங்கிலீஷில் எழுதிய கல் ஒன்று பதித்திருப்பதாகச் சொன்னான். என்ன எழுதியிருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. "பாதிக்கு மேல சுண்ணாம்பு. சின்னப்பிள்ளையில பம்பரத்தை அதுல குத்தி வெளையாடுவோம்."

ஊர் சேரன்மாதேவிக்கு அந்தப் பக்கம், ஆற்றின் தென்கரையில். சனிக்கிழமை காலையில், அங்கே போவதாக வீட்டில் சொன்னாள். மறுநாள் அவளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது.

"ஏட்டி, நாளைக்குப் பொண்ணு பாக்க ஆளு வருதாவ, நீ இன்னைக்குக் கல்லு பாக்கப் போறேங்கியே?" என்றாள் அம்மா ஞானம்பாள்.

அப்பா தில்லைநாயகம் தாலுகா ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். மகளைத் தனியாக விடவும் மனசில்லை, தடுக்கவும் தெம்பில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பினார்.

தபாலாபீஸ் ஒற்றை அறை. தபால்காரர் பிச்சைக்கண்ணு, கல்லை மறைத்துக்கொண்டு நின்ற தன் சைக்கிளை நகர்த்திக் கொடுத்தார். விஜயஸ்ரீ ஈரத் துணியால் தேய்த்தாள். சுண்ணாம்பு அசையவில்லை. நகத்தால் சுரண்டினாள். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்த தில்லைநாயகம், வீட்டுச் சாவியை எடுத்து அவரும் சுரண்ட ஆரம்பித்தார். எழுத்து ஒவ்வொன்றாக வந்தது. இந்தக் கிராமத்திலிருந்து பதினான்கு பேர் 1914 முதல் 1919 வரையிலான பெரும்போருக்குச் சென்றனர். அவர்களில் மூவர் உயிர் கொடுத்தனர். அவ்வளவுதான். பெயர் ஒன்றுகூட இல்லை.

"யாரு அண்ணாச்சி இந்தப் பதினாலு பேரு?"

"யாருக்கும்மா தெரியும்? எங்க தாத்தா காலம்லா அது." பிச்சைக்கண்ணு கொஞ்சம் யோசித்தார். "சண்டைக்குப் போனவருன்னா பசராக்காரர் வீட்டுல கேட்டுப் பாருங்க. அந்த வீட்டுல யாரோ சீமைக்குப் போனதாச் சொல்லுவாவ."

விஜயஸ்ரீ துணியைக் கீழே போட்டாள். "என்ன வீடு?"

"பசராக்காரர் வீடு. கடுதாசி அப்படித்தான் வரும். ஏன்னு கேட்டா எனக்குத் தெரியாது."

அந்த வீட்டு அம்மாவுக்கும் தெரியவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறார்களாம். மாமனாரின் அப்பா கப்பலேறிப் போனார், போனவர் வரவில்லை, அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. துப்பாக்கி தூக்கினாரா மூட்டை தூக்கினாரா என்பதும் தெரியாது. படமும் இல்லை, காகிதமும் இல்லை. விஜயஸ்ரீ பையிலிருந்த அட்லசைத் திறந்து, அந்தச் சண்டையில் இந்தியப் பட்டாளம் போய் இறங்கிய ஈராக் துறைமுகமான பஸ்ராவை, பசரா இதுதான் என்று விரல் வைத்துக் காட்டினாள். அந்த அம்மா வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"எம் பேரன் குவைத்துலதான் இருக்கான். அது எங்கன இருக்கு?"

விஜயஸ்ரீ விரலைக் கொஞ்சம் கீழே நகர்த்தினாள். அரை விரற்கடை இருக்கும்.

"இம்புட்டுப் பக்கமா," என்றார் அந்த அம்மா.

மறுநாள் பெண் பார்க்க வந்தவர்கள் அவள் நகக்கண்ணில் இருந்த சுண்ணாம்பைப் பார்த்தார்களோ என்னவோ, அந்த இடம் அமையவில்லை. அவளுக்கு அதை நினைக்க நேரமில்லை. செய்முறைத் தேர்வு வந்துவிட்டது. வெளியூர்க் கல்லூரியிலிருந்து பேராசிரியர் சுந்தர்ராமன் தேர்வாளராக வந்தார். பாடம்: முதல் உலகப் போரின் விளைவுகள்.

அவள் விளைவுகளில் தொடங்கவில்லை. ஒரு வீட்டின் பெயரில் தொடங்கினாள். பஸ்ராவைக் கண்டுபிடிக்கச் சொன்னதும் பிள்ளைகள் ஐரோப்பா படத்தில் தேடினார்கள். இல்லை என்று ஒருத்தி சொன்னாள். ஆசியா படத்தை மாட்டினாள். கப்பல் எந்தத் துறைமுகத்தில் புறப்பட்டிருக்கும், அந்தச் சண்டை ஏன் எண்ணெய்க் கிணறு பக்கம் போனது, யாருக்காக இவர் செத்தார் என்று கேள்வி மேல் கேள்வி. பாத்திமா இரண்டு தடவை எழுந்தாள். இரண்டாவது கேள்விக்கு விஜயஸ்ரீ, "எனக்குத் தெரியலம்மா" என்றாள். வெர்செயில்ஸ் ஒப்பந்தத்தைத் தொடுமுன் மணி அடித்துவிட்டது.

"பாடத்திட்டத்தில் இந்த வீடு எங்கேம்மா இருக்கு?" என்று கேட்டார் சுந்தர்ராமன்.

"இல்ல சார்."

"ஒப்பந்தம் இருக்கு. அதை நீங்க நடத்தலையே."

அவள் ஆசியா படத்தைக் கழற்றிச் சுருட்டினாள்.

செய்முறையில் தேறும் அளவுக்குத்தான் மதிப்பெண் வந்தது. ராஜலக்ஷ்மி டீச்சர் ஆறுதல் சொல்லவில்லை. "மார்க் கொறஞ்சது நியாயந்தான். ஒப்பந்தம் தெரியாம இந்தப் பொண்ணுங்க பரீட்சை எழுத முடியாது."

பயிற்சி முடிந்திருந்தது, இனி அந்த வகுப்பில் அவளுக்கு வேலை இல்லை. இருந்தும் மறுநாள் வந்து ஒரு பீரியட் கேட்டாள். ராஜலக்ஷ்மி டீச்சர் மறுக்கவில்லை. ஒப்பந்தத்தின் ஷரத்துகளை எழுதிப்போட்டு, முழுசாக நடத்தி முடித்துவிட்டு அம்பாசமுத்திரம் பஸ் ஏறினாள்.

கல்லில் இருந்த அந்த மூன்று பேரின் பெயர் கேட்டு ராணுவ ஆவணப் பிரிவுக்கு எழுதினாள். ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது: படைப்பிரிவும் எண்ணும் தெரிவித்தால் தேடித் தரலாம். அவை தெரிந்தால் அவள் ஏன் எழுதப்போகிறாள்?

1997-இல் சாத்தான்குளத்தில் வேலை கிடைத்தது. முதல் இரண்டு வருஷம் ஆறாம் வகுப்புக்கு இங்கிலீஷும் புவியியலும் எடுக்கச் சொன்னார்கள். வரலாற்றுக்கு ஏற்கெனவே ஆள் இருந்தார். பக்கத்து வகுப்பில் அவர் ஆண்டுகளை ஒப்பிக்கவைக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் சாக்பீஸ் அவள் கையில் ஒடிந்தது. அவர் ஓய்வு பெற்ற பிறகு, 1999 ஜூனில், ஒன்பதாம் வகுப்பு வரலாறு அவளுக்கு வந்தது. நாற்பத்தேழு பேர். தலைமையாசிரியர் பாடவேளை அட்டவணையைக் கொடுத்ததும், வாரத்துக்கு மூன்று பீரியட்தானா என்று சண்டைக்குப் போனாள்.