அரசாணிக் கொடிக்குச் சந்தன சோப்பு

எங்கள் வீட்டில் என்னைவிடக் கன்னடம் தெரிந்தவர்கள் யாரும் இல்லாததால், எனக்குக் கன்னடம் தெரியும் என்று எல்லோரும் நம்பினார்கள். எல்லோரையும்விட நான் அதிகமாக நம்பினேன். ஈரோட்டுப் பக்கத்திலிருந்து மைசூருக்குக் குடிவந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை; கூட வேலை பார்த்தவர்களில் பாதிப்பேர் தமிழர்கள் என்பதால் அவருடைய பிழைப்பு தமிழிலேயே ஓடியது. அம்மா வீட்டைவிட்டு வெளியே போவதில்லை. ஆகவே எட்டு வயதில், பள்ளிக்கூடத்தில் பொறுக்கிக்கொண்டு வந்த முப்பது நாற்பது வார்த்தைகளை வைத்துக்கொண்டு, நான் குடும்பத்துக்கு மொழிபெயர்ப்பு உத்தியோகம் பார்த்தேன். அடேயப்பா, என்ன கர்வம் எனக்கு!

அம்மாவுக்கு மைசூர் பிடிக்கவில்லை. மகாராஜாவின் ஊர், விளக்குப் போட்டால் அரண்மனை ஜொலிக்கும் என்றெல்லாம் அப்பா சொல்லித்தான் அழைத்து வந்திருந்தார். மண்டி மொஹல்லாவில் ஒரு சந்துக்குள் வீடு. இரண்டே அறை, ஆனால் பின்னால் நல்ல விஸ்தாரமான புழக்கடை. ஓயாத தூறலில் விறகு பற்றாது, துணி உலராது. அதைவிடப் பெரிய கஷ்டம், அம்மாவுக்குப் பேச ஆள் கிடையாது. பக்கத்து வீட்டம்மா மதில்மேல் தலையை நீட்டிச் சிரித்தால் அம்மாவும் சிரிப்பாள். அதற்கு மேல் சங்கதி நகராது.

அந்தப் புழக்கடையில்தான் அம்மா, பிறந்த வீட்டிலிருந்து முந்தானையில் முடிந்து கொண்டுவந்த அரசாணி விதையை ஊன்றினாள். பரங்கி என்றும் மஞ்சள் பூசணி என்றும் மற்றவர்கள் சொல்வதை எங்கள் பக்கத்தில் அரசாணிக்காய் என்போம். ஆனி மாதம் ஊன்றியது, ஆடி பிறப்பதற்குள் ஏழெட்டு இலை விட்டுத் தரையில் படர ஆரம்பித்தது. அம்மா காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் போய்ப் பார்ப்பாள். அதோடு பேசுவதைக்கூட நான் கேட்டிருக்கிறேன்.

பிறகு வண்டு வந்தது. சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இருக்காது. பழுத்த மிளகாய் நிறம். இரண்டே நாளில் இலையெல்லாம் சல்லடையாகிவிட்டது. அம்மா அடுப்புச் சாம்பலைத் தூவினாள். தூறல் வந்து கழுவிக்கொண்டு போயிற்று. மறுபடி தூவினாள், மறுபடி தூறல். மூன்றாம் நாள் ஓட்டை விழுந்த ஓர் இலையைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து அப்பாவின் முன்னால் நின்றாள்.

“இந்த மண்ணுக்கு நம்மளப் புடிக்கலீங்க. தசராவுக்கு அண்ணன் வர்றப்ப நானும் புள்ளையும் அவரோடயே ஊருக்குப் போயிர்றோம்.”

அப்பா இலையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்பா தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, தனியாகப் படுப்பதை நினைத்து எனக்கு அழுகை அழுகையாக வந்தது. தவிரவும், ஈரோட்டில் என் கன்னடத்தை யார் சீந்துவார்கள்?

அன்று மத்தியானம் பக்கத்து வீட்டம்மா மதில்மேலிருந்து கொடியைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டுச் சொன்னார்: “ஹொகெசொப்பின நீரு ஹாகி. ஹுள ஹோகுத்தெ.”

அம்மா என் பக்கம் திரும்பினாள். நீரு என்றால் தண்ணீர். ஹுள என்றால் பூச்சி. ஹோகுத்தெ என்றால் போய்விடும். முதலில் வந்த ‘ஹொகெ’யையும் போவது என்றே வைத்துக்கொண்டேன், பூச்சி போகவேண்டியதன் அவசரத்தில் இரண்டு தரம் சொல்கிறார் போலும். பாக்கி இருந்தது ‘சொப்பு’ ஒன்றுதான். அதில் என்ன சந்தேகம்?

“சோப்புத் தண்ணி ஊத்தச் சொல்றாங்கம்மா. ஊத்துனாப் பூச்சி போயிருமாமா.”

“சோப்பா?” என்றாள் அம்மா. பக்கத்து வீட்டம்மாவும் உற்சாகமாகத் தலையை ஆட்டி, “ஹௌது, சொப்பு, சொப்பு!” என்றார்.

கன்னடத்தில் சொப்பு என்றால் இலை, கீரை என்பதும், ஹொகெசொப்பு என்றால் நம்முடைய புகையிலை என்பதும் அந்த ஊரில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். கீரைக்காரி தெருவில் தினமும் “சொப்பு” என்று கூவிக்கொண்டு போவாளே, காதில் விழவில்லையா என்று கேட்பீர்கள். அவள் வரும் நேரத்தில் நான் பள்ளிக்கூடத்தில் கன்னடம் கற்றுக்கொண்டிருப்பேன்.

வீட்டில் துணிக்குச் சவுக்காரக் கட்டி இருந்தது. ஆனால் அது சவுக்காரம். அவர் சொன்னது சோப்பு. மொழிபெயர்ப்பில் நான் மகா கண்டிப்பு. சோப்பு என்று வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்று: அப்பா வெள்ளிக்கிழமை மட்டும் தேய்த்துக் குளித்துவிட்டு, துடைத்துக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் வைக்கும் சந்தன சோப்பு. அம்மா உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தபோது அதை எடுத்து, அரிவாள்மணையில் பாதி சீவி, வாளித் தண்ணீரில் கரைத்து, விளக்குமாற்றால் கொடி முழுக்கத் தெளித்தேன். நுரை நுரையாகப் பொங்கியது. புழக்கடை முழுக்கக் கல்யாண வீட்டு மணம்.

வேலை முடிந்து வந்த அப்பா வாசலிலேயே மூக்கை உறிஞ்சினார். நேரே பின்பக்கம் வந்தார்.

“அடிப்பாவி! மகாராஜா குளிக்கிற சோப்புல வண்டா குளிக்குது?”

“வண்டு போயிரும்ப்பா. நாங்க ஊருக்குப் போக வேண்டாம்” என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதேன். அப்பா ஓங்கிய கையை இறக்கிவிட்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு மிச்சமிருந்த பாதி சோப்பை எடுத்துக் கிணற்றடி மாடத்தில் வைத்தாள்.

“இருக்கட்டும் விடுங்க. புள்ள சொன்னாச் சரியாத்தான் இருக்கும்.”

சரியாகத்தான் இருந்தது! நாளுக்கு நாள் வண்டு குறைந்தது. பத்து நாளில் ஓர் ஓட்டைகூட இல்லாத புது இலைகள் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்தன. நான் தெருவில் நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே! ஒரே ஒரு விஷயம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. மாடத்துச் சோப்பு தேய்ந்துகொண்டே வந்தது. காலையில் எனக்குத் தலை பின்னும்போது அம்மாவின் கையில் சந்தனம் மணத்தது. முழங்கை வரைக்கும் கீறல் கீறலாகச் சிவந்திருந்ததையும் பார்த்தேன். விறகு குத்தியிருக்கும் என்று விட்டுவிட்டேன். சோப்பு விஷயத்தைத்தான் விடவில்லை. அம்மா உங்கள் சோப்பைத் திருட்டுத்தனமாகப் போட்டுக்கொள்கிறாள் என்று அப்பாவிடம் கோள் சொன்னேன். அப்பா சிரித்துவிட்டு, அடுத்த வாரம் இன்னொரு சோப்பு வாங்கி வந்து மாடத்தில் வைத்தார்.

கொடி பூத்தபோது பக்கத்து வீட்டம்மா பார்க்க வந்தார். ஹொகெசொப்பை எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று கேட்டு, அடையாளத்துக்குத் தன் இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து ஒரு புகையிலைத் துண்டை எடுத்துக் காட்டினார். நான் முழித்தேன். அம்மா மாடத்துச் சோப்பைக் கொண்டுவந்து காட்டினாள். அந்த அம்மா சிரித்த சிரிப்பில் துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். சாயங்காலத்துக்குள் தெருப் பெண்கள் அத்தனை பேரும் சோப்புப் போட்ட கும்பளத்தை, அதாவது எங்கள் அரசாணியைப், பார்க்க வந்து, என்னையும் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு அவமானத்தில் எங்கே ஓடுவது என்று தெரியவில்லை. அப்போதுதான் அம்மா என்னை இழுத்துத் தன்மேல் சாய்த்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல்தடவையாகக் கன்னடம் பேசினாள்.

“நன்ன மகளு. நன்ன மகளு சொன்னது தப்பாப் போவாது.”

‘என் மகள்’ மட்டும் கன்னடம், மிச்சம் ஈரோடு. எல்லோருக்கும் புரிந்தது. மறுநாளிலிருந்து யாராவது ஒருத்தர் தினமும் வந்தார்கள்.

தசராவுக்கு மாமா வந்தார். அன்று பறித்த காயை நான் இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தும் எட்டவில்லை. அம்மா அதைக் கீற்றுப் போட்டு வீட்டுக்கு வீடு என்னிடம் கொடுத்தனுப்பினாள். திரும்பி வந்தபோது, எப்போது கிளம்புவது என்று மாமா கேட்டுக்கொண்டிருந்தார்.

“நீ போண்ணா. கொடியில இன்னும் மூணு பிஞ்சு நிக்குது” என்றாள் அம்மா.

ஒரு குடும்பத்தையே மைசூரில் நிறுத்தி வைத்த பெருமையோடு அன்று நான் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

அந்தப் பெருமை, நான் பெரியவளாகி என் வீட்டுக் கொல்லையில் நானே அரசாணி போட்ட வருஷம்வரைக்கும் நீடித்தது. வண்டு வந்தது. நான் அலட்டிக்கொள்ளாமல் சந்தன சோப்பைக் கரைத்துத் தெளித்தேன். அந்த வண்டுகள் ஒருமுறை உதறிக்கொண்டு, குளித்த பசியோடு இலையைத் தின்னப் போயின. மறுநாள் விடியற்காலையில் போய்ப் பார்த்தேன். வெயில் ஏறாத நேரத்தில் அவை மந்தமாக இலைக்கடியில் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாகப் பிடித்துச் சோப்புத் தண்ணீரில் போட்டால் ஏறிவர முடியாமல் மூழ்கின. வாளித் தண்ணீரை வண்டு மூடுவதற்குள் இலையின் சுணை குத்தி முழங்கை வரைக்கும் சிவந்துவிட்டது. விரலில் வண்டின் குமட்டும் நாற்றம். சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு, மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப உட்கார்ந்து தலை பின்னினேன்.

“உங்க கையில சந்தன வாசனை அடிக்குதும்மா” என்றாள் அவள்.

என் அம்மாவின் கையும் இப்படித்தான் மணத்தது, இப்படித்தான் சிவந்திருந்தது. தசராவுக்கு ஊருக்குப் போகிறவள், ஆடித் தூறலில் தினமும் விடியலில் எழுந்து வண்டு பொறுக்குவாளா? நான் அழுத அன்றே அம்மா போவதில்லை என்று முடிவு செய்துவிட்டாள் என்பது எட்டு வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.