பாட்டு எப்ப வரும்?

நெம்மேலியைத் தாண்டிக் கடலோரமாக இருந்த ஒரு ரிசார்ட்டில் ஐந்து வருஷம் வேலை பார்த்தேன். மசாஜ் பகுதியின் வரவேற்பு மேசை என்னுடையது. வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்ல வேண்டும், எலுமிச்சைத் தண்ணீர் கொடுக்க வேண்டும், சிடி போட வேண்டும். எம்.காம். படித்ததற்கு இது போதும் என்று எங்கள் வீட்டில் நினைத்தார்கள். நானும் சண்டை போடவில்லை.

இருந்தது ஒரே ஒரு சிடி. புல்லாங்குழல், தண்ணீர் விழும் சத்தம், வெண்கலக் கிண்ணத்தை யாரோ ஓயாமல் தேய்ப்பது போல ஒரு ரீங்காரம், கடைசியில் மணி. அட்டையில் தாமரைப் பூ போட்டு, கேட்டால் மனசு லேசாகும் என்று எழுதியிருந்தார்கள். நாள் முழுக்கக் கேட்ட எனக்குத் தலைதான் கனத்தது. வெளியே கடல் சும்மாவே கத்திக்கொண்டிருக்கிறது. ஜன்னலைச் சாத்தி, ஏசியைப் போட்டு, காசு கொடுத்துத் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறவர்களை என்னவென்று சொல்வது?

மசாஜ் செய்கிற பிரபாவுக்கு அந்த சிடிதான் கடிகாரம். மசாஜ் அறையில் கடிகாரம் இருந்தால் விருந்தாளிக்குப் பதற்றமாகுமாம். மேனேஜர் ராகவன் ஆணியோடு பிடுங்கிவிட்டார். அதனால் அவள் சிடியை வைத்தே வேலையைப் பழகிக்கொண்டாள். புல்லாங்குழலுக்குப் பாதம், தண்ணீருக்கு முதுகு, கிண்ணத்துக்குத் தோளும் கழுத்தும். மணி அடித்தால் துண்டைப் போர்த்திவிட்டு வெளியே வந்துவிடுவாள். ஒரு நாளும் முந்தியதில்லை, பிந்தியதுமில்லை.

அவள் திருப்போரூர்ப் பக்கத்துப் பெண். நெல் விளைந்த நிலத்தை எல்லாம் பிளாட் போட்டு விற்றாகிவிட்டது. அத்தை மகன் ஆனந்தனைக் கட்டியிருந்தாள். அவன் கேளம்பாக்கத்துக்கும் திருப்போரூருக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டினான். தினமும் சாயங்காலம் எங்கள் ரிசார்ட் கேட்டில் வந்து நின்று அவளைக் கூட்டிப்போவான்.

ஒரு தடவை அவள் ஆசைப்பட்டாளே என்று அந்த சிடியைக் காப்பி போட்டுக் கொடுத்தேன். ஆனந்தன் அதை ஆட்டோவில் போட்டிருக்கிறான். கேளம்பாக்கத்தில் ஏறிய ஜனம் தையூர் வருவதற்குள் சண்டைக்கு வந்துவிட்டதாம். மறுநாள் கேட்டில் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னா மேடம் இது? வெறும் மீஜிக்காவே வுட்டுகினு கீறான். பாட்டு எப்ப வரும்? பாட்றவன் நாஸ்தா துன்னப் பூட்டானா?"

"இதுல பாட்டு வராதுங்க. இதுவேதான் பாட்டு."

"சும்மா இரு மேடம். இம்மாந் நேரம் அடிச்சினு பாடாமயா பூடுவான்? வரும் பாரு."

அன்றிலிருந்து அது ஒரு விளையாட்டாகிவிட்டது. சாயங்காலம் பிரபா கேட்டைத் தாண்டும்போதே, "இன்னாமே, இன்னிக்காவது பாட்டு வந்துச்சா?" என்பான். "இல்ல மாமா" என்று இவள் சொல்வாள். வாட்ச்மேன் மோசஸ் தினமும் அதற்கு ஒரு சிரிப்பு சிரிப்பார். அலுக்கவே அலுக்காத மனுஷன். ரெண்டு வருஷம் இப்படியே போனது.

பிறகு ஒரு மதியம் கேளம்பாக்கம் முனையில் மணல் லாரி ஒன்று ஆட்டோவை அடித்துவிட்டது. ஆட்டோவில் வேறு யாரும் இல்லை.

நான் சாவு வீட்டுக்குப் போனேன். அந்தப் பக்கத்தில் துக்கத்துக்கு வருகிற பெண்கள் தெருமுனையிலேயே அழத் தொடங்கிவிடுவார்கள். நேராக வந்து செத்தவன் பெண்டாட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். அவளும் கூட அழ வேண்டும். பிரபா அழவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஒருத்தி வந்து கட்டிக்கொண்டாள். பிரபாவின் கை தானாக எழுந்து அவள் தோளைப் பிடித்துவிட ஆரம்பித்தது. கட்டைவிரல் கழுத்து நரம்பில் ஏறி இறங்கியது. அடுத்தவள் வந்தாள். அவளுக்கும் அதேதான்.

ஆனந்தனின் அக்கா பூவாயி பாய்ந்துவிட்டாள். "அடிப்பாவி, என் தம்பி பொணமா கெடக்கறான், நீ வந்தவளுக்கெல்லாம் கைகால் அமுக்கினு கீற! ஒனக்கு மனசு கீதா, மரமா?"

பிரபா கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் இன்னொருத்தி வந்து கட்டிக்கொண்டதும் கை மறுபடி எழுந்துவிட்டது. ஊரே பார்த்தது. காரியத்தன்றும் அவள் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. அவனைப் பிடிக்காமல்தான் குடித்தனம் நடத்தினாள் என்று பேச்சு கிளம்பிவிட்டது. பேசுகிற வாய்க்கு என்ன கேடு?

காரியம் முடிந்ததும் வேலைக்கு வந்துவிட்டாள். வீட்டில் டிவி கூடப் போடவில்லை, துக்க வீடு என்று மூடி வைத்திருந்தார்கள். இங்கேயோ காலையிலிருந்து புல்லாங்குழல். அவளுக்கு ரெண்டும் ஒன்றாகத்தான் இருந்தது. வந்தாள், தேய்த்தாள், போனாள். சாயங்காலம் பஸ்ஸுக்கு நடந்தாள். மோசஸ் அவளைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்வார்.

ஒரு நாள் எண்ணெய்க் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "அக்கா, ஊர்ல பேசறது நெசமா? மாமாவ எனக்குப் புடிக்காதா?"

"பைத்தியமாடி உனக்கு?"

"அப்பறம் ஏன் அழுக வர மாட்டேங்குது? நானும் பாக்கறேன். உள்ள ஒண்ணுமே இல்ல, வெறும் எடமா கீது. எனக்கு பயமா கீதுக்கா."

சொல்லும்போது குரல்கூட மாறவில்லை. நான் அவள் கையிலிருந்து ஒரு கிண்ணத்தை வாங்கித் துடைத்தேன்.

மழைக்காலத்தில் சிடியில் கீறல் விழுந்தது. சுஷ்மிதா என்று ஒரு ஐடி கம்பெனிப் பெண் மசாஜுக்கு வந்திருந்தாள். கிண்ணச் சத்தத்தில் போய் சிடி மாட்டிக்கொண்டது. ங்ங், ங்ங் என்று அதே இடம் ஓடிக்கொண்டே இருந்தது. வெளியே இருந்த எனக்கு உறைக்கவே இல்லை. அந்தச் சத்தம் காதில் விழுவதை நிறுத்தி ரொம்ப நாளாகியிருந்தது. உள்ளே பிரபா தோளை விட்டு நகரவில்லை. கிண்ணம் ஓடும்வரை தோள்தானே. தூங்கிப்போயிருந்த பெண் எரிச்சல் தாங்காமல் எழுந்து கத்தினாள். தோள் ரெண்டும் மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்திருந்தன.

ராகவன் நல்ல மனுஷன்தான், பிரபாவை ஒன்றும் சொல்லவில்லை. சிடியை உடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுச் சென்னையிலிருந்து வேறொன்று வாங்கி வந்தார். உலக இசையாம். இதன் அட்டையில் பாலைவனமும் ஒட்டகமும்.

அன்றைக்குக் கடைசி ஆளாக ஒரு வெளிநாட்டு அம்மாள் படுத்திருந்தாள். சிடியைப் போட்டுவிட்டுக் கதவிடுக்கில் பார்த்தேன். பிரபாவின் கை தடுமாறியது. புதுசு என்பதால் எப்போது எங்கே போவதென்று தெரியவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுக் கேட்டுச் செய்தாள். அத்தனை நாளில் அவள் எதையாவது காது கொடுத்துக் கேட்டதை அப்போதுதான் பார்த்தேன். ஏதோ தந்தி வாத்தியம் வெகுநேரம் ஒற்றையாக ஓடியது. நான் மேசைக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன்.

திடீரென்று வாத்தியம் அடங்கி, சிடியில் ஒரு பெண் பாட ஆரம்பித்தாள். என்ன பாஷையோ. குழந்தையைத் தூங்கவைக்கிற குரல்.

கதவு படாரென்று திறந்தது. பிரபா ஓடி வந்தாள். கையெல்லாம் எண்ணெய். என்னைத் தாண்டி, படியிறங்கி, செருப்புகூடப் போடாமல் கேட்டைப் பார்த்து ஓடினாள். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"மாமா! பாட்டு வந்துடுச்சு மாமா!"

மோசஸ் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ஆட்டோ நிற்கிற இடத்தில் மழைத்தண்ணீர்தான் தேங்கியிருந்தது. பிரபா கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தத் தண்ணீரையே பார்த்தாள். எண்ணெய்க் கை கம்பியில் வழுக்க, அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பிறகுதான் அந்தச் சத்தம் வந்தது. சாவு வீட்டில் அத்தனை பேர் அழுதார்களே, அதில் ஒன்றுகூட இப்படி இல்லை.

நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். என் கழுத்தை இறுக்கிக்கொண்டு அழுதாள். எனக்கு ஒப்பாரி வராது. என்ன செய்வதென்று தெரியாமல் அவள் தோளைப் பிடித்துவிட்டேன்.

என் கையைத் தட்டிவிட்டாள்.

"அமுக்காதக்கா. அழ வுடு."